மீதிக் காலத்துக்கு ஒரு விலை: ஜெர்மன் கால்பந்தில் வீரர்கள் கிளப் மாறுவது எப்படி?

ராபர்ட் லெவன்டோவ்ஸ்கியை வைத்தே தொடங்குகிறேன். போலந்துக்காரர், இந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த ஸ்ட்ரைக்கர்களில், அதாவது கோல் அடிக்கும் முன்வரிசை வீரர்களில், ஒருவர். 2014 கோடையில் போருசியா டார்ட்மண்ட் கிளப்பை விட்டு பேயர்ன் மியூனிக்குக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 25. ஆட்டம் உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த நேரம். அவருக்காக பேயர்ன் டார்ட்மண்டுக்குக் கொடுத்த தொகை பூஜ்யம். எட்டு ஆண்டுகள் கழித்து, 2022ல், அதே லெவன்டோவ்ஸ்கி பேயர்னிலிருந்து பார்சிலோனாவுக்குப் போனார். இப்போது வயது 33. பார்சிலோனா கொடுக்க ஒப்புக்கொண்டது 4.5 கோடி யூரோ, அதற்கு மேல் 50 லட்சம் வரை போனஸ்.

25 வயதில் இலவசம், 33 வயதில் 4.5 கோடி. முதல்முறை கேட்கிறவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். மாட்டுச் சந்தையில்கூட வயதான மாட்டுக்கு விலை குறையும்தானே? இந்தப் புதிருக்கு விடை தெரிந்துவிட்டால், கால்பந்து டிரான்ஸ்ஃபர் பற்றிப் பாதிக்கு மேல் தெரிந்த மாதிரிதான்.

கால்பந்தில் யாரும் வீரரை விலைக்கு வாங்குவதில்லை. பத்திரிகைகள் அப்படி எழுதுகின்றன, நாமும் அப்படியே பேசுகிறோம். உண்மையில் கைமாறுவது ஒப்பந்தத்தில் மீதமிருக்கும் காலம். ஒரு வீரர் ஒரு கிளப்போடு ஐந்து ஆண்டு ஒப்பந்தம் போடுகிறார் என்றால், அந்த ஐந்து ஆண்டுகளும் அவர் அந்த கிளப்புக்காக மட்டுமே ஆட வேண்டும். நடுவில் இன்னொரு கிளப் அவரைக் கேட்டால், "மீதி ஆண்டுகளை விட்டுக்கொடுக்கிறேன், அதற்கு இவ்வளவு கொடு" என்று பழைய கிளப் கேட்கலாம். நம் ஊர்க் குத்தகையை நினைத்துப் பாருங்கள். தோப்பை ஐந்து ஆண்டுக்குக் குத்தகைக்கு எடுத்தவரிடம் இரண்டாம் ஆண்டிலேயே போய் "எனக்கு விடு" என்றால் சும்மா விடுவாரா? மூன்று ஆண்டு மகசூலைக் கணக்குப் போட்டுத்தான் பேசுவார். குத்தகை முடிந்த மறுநாள் போனால் அவரிடம் பேசவே வேண்டியதில்லை, நேராக உரிமையாளரிடம் பேசலாம். கால்பந்தில் அந்த உரிமையாளர் வீரரேதான்.

டிரான்ஸ்ஃபர் தொகைக்கு ஜெர்மன்காரர்கள் 'அப்லோச' என்று சொல்கிறார்கள். கடனையோ அடமானத்தையோ அடைத்துத் தீர்ப்பதற்கும் இதே வேரிலிருந்து வரும் சொல்லைத்தான் பயன்படுத்துவார்கள். வாங்கும் விலை என்பதைவிட மீட்கும் தொகை என்பதே இதற்குப் பொருத்தமான தமிழ். எனக்கு இந்தச் சொல் மிகவும் பிடிக்கும், ஏனென்றால் நடப்பதை அது சரியாகச் சொல்கிறது.

இப்போது லெவன்டோவ்ஸ்கிக்கு வருவோம். டார்ட்மண்டோடு அவருடைய ஒப்பந்தம் 2014 ஜூன் 30 வரை. ஜெர்மனியில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் முடியும் நாள் இதுதான், ஆகவே ஜூன் 30 என்ற தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2013 கோடையிலேயே அவர் போக விரும்பினார். டார்ட்மண்ட் மறுத்தது. இன்னும் ஓராண்டு அவர் கோல் அடித்துத் தரட்டும், பணம் வராவிட்டால் பரவாயில்லை என்று முடிவு செய்தது. அவரும் முகம் சுளிக்காமல் ஆடி, அந்தப் பருவத்தில் ஜெர்மனியின் முதல் நிலை லீக்கான பண்டஸ்லிகாவில் அதிக கோல் அடித்தவராக வந்தார். ஜூன் 30 முடிந்தது, ஜூலையில் பேயர்னில் இருந்தார். ஆனால் 2022ல் பேயர்னோடு அவருக்கு இன்னும் ஓராண்டு ஒப்பந்தம் மீதி இருந்தது. அந்த ஓராண்டுக்குத்தான் 4.5 கோடி.

இந்த முறை எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கிளப்புக்குப் பணம் கொடுத்தால்தான் வீரர் நகர முடியும் என்ற நிலை ஐரோப்பாவில் நெடுங்காலம் இருந்தது. அதை உடைத்தவர் ஜான் மார்க் போஸ்மன் என்ற பெல்ஜிய வீரர். 1990ல் லியேஜ் கிளப்போடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. பிரான்ஸின் டன்கெர்க் கிளப்புக்குப் போக நினைத்தார். லியேஜ் பணம் கேட்டு வழியை அடைத்தது, அங்கேயே இருந்தால் சம்பளம் பெரிதாகக் குறையும் என்றும் சொன்னது. அவர் நீதிமன்றம் போனார். ஐந்து ஆண்டுகள் இழுத்த வழக்கில், 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்தவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பணமின்றிப் போகலாம். ஒன்றிய நாட்டு வீரர்களை 'வெளிநாட்டவர்' என்று எண்ணிக்கையில் கட்டுப்படுத்துவதும் கூடாது. தீர்ப்பு வந்தபோது போஸ்மனின் ஆட்ட வாழ்க்கை ஏறக்குறைய முடிந்திருந்தது. அவர் திறந்துவிட்ட கதவு வழியாக மற்றவர்கள் போய்க் கோடிகள் சம்பாதித்தார்கள், அவர் கஷ்டத்தில்தான் இருந்தார். இலவச டிரான்ஸ்ஃபர் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதரின் நினைவு வரும்.

தீர்ப்பின் விளைவை ஜெர்மனியில் பார்க்க வேண்டுமானால் 2001ல் எனர்ஜி காட்புஸ் ஆடிய ஒரு ஆட்டத்தைப் பார்க்கலாம். கிழக்கு ஜெர்மனியின் சிறிய நகரம் அது. அந்த ஆட்டத்தில் இறங்கிய 11 பேரும் வெளிநாட்டவர். பண்டஸ்லிகா வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. பெரிய பெயர்களுக்குக் கொடுக்கப் பணமில்லாத கிளப்புக்கு, எல்லையைத் தாண்டித் தேடுவதுதான் பிழைக்கும் வழி.

சரி, ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்காமலே வீரர் கிளம்ப முடியுமா? முடியும், ஒப்பந்தத்திலேயே ஒரு வாசல் வைத்திருந்தால். அதற்கு விடுவிப்பு விதி என்று பெயர் சொல்லலாம். "இன்ன தேதிக்குள் இன்ன தொகையை யாராவது கொடுத்தால், கிளப் மறுக்கக் கூடாது" என்று கையெழுத்துப் போடும்போதே எழுதிவிடுவார்கள். இதில் எனக்கு மறக்க முடியாதது மரியோ கோட்சே விவகாரம். எட்டு வயதுப் பையனாக டார்ட்மண்டில் சேர்ந்து, அங்கேயே வளர்ந்தவர். மஞ்சள் சட்டைக்காரர்களான டார்ட்மண்ட் ரசிகர்களுக்கு அவர் வீட்டுப் பிள்ளை. 2013 ஏப்ரல் 24 அன்று டார்ட்மண்டுக்கு ரியல் மாட்ரிட்டோடு, ஐரோப்பிய கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் அரையிறுதி. அதற்கு முந்தைய நாள், ஏப்ரல் 23, செய்தி வெடித்தது: கோட்சே பேயர்னுக்குப் போகிறார். அவருடைய ஒப்பந்தத்தில் 3.7 கோடி யூரோ என்று விடுவிப்புத் தொகை எழுதியிருந்தது, பேயர்ன் அதைக் கொடுக்கிறது. டார்ட்மண்டால் எதுவும் செய்ய முடியாது. மறுநாள் அந்த மைதானத்தில் என்ன நடந்தது தெரியுமா? டார்ட்மண்ட் 4-1 என்று ஜெயித்தது, நான்கு கோலும் லெவன்டோவ்ஸ்கி. அடுத்த மாதம் வெம்ப்லியில் இறுதி ஆட்டம், எதிரணி பேயர்னேதான். காயத்தால் கோட்சே ஆடவில்லை. பேயர்ன் 2-1 என்று கோப்பையைத் தூக்கியது.

விடுவிப்பு விதியை ஒரு கிளப் ஏன் ஒப்புக்கொள்கிறது என்று கேட்பீர்கள். பெரும்பாலும் அது இல்லாமல் வீரர் கையெழுத்தே போட மாட்டார் என்பதால்தான். வளர்ந்துவரும் வீரரின் ஏஜென்ட் அதைத்தான் முதலில் கேட்பார். நார்வே ஸ்ட்ரைக்கர் எர்லிங் ஹாலண்ட் 2020 ஜனவரியில் சால்ஸ்பர்கிலிருந்து டார்ட்மண்டுக்கு வந்ததும், 2022ல் மான்செஸ்டர் சிட்டிக்குக் கிளம்பியதும் அப்படித்தான். சிட்டி கொடுத்தது 6 கோடி யூரோ. வெளிச்சந்தையில் பேரம் பேசியிருந்தால் அவர் விலை அதைவிட வெகுவாக ஏறியிருக்கும். அந்த விதி இல்லாதிருந்தால் டார்ட்மண்டுக்கு ஹாலண்டே கிடைத்திருக்க மாட்டார்.

ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது இன்னொரு விதி உயிர்பெறும். அப்போதிருந்து வீரர் வேறு எந்த கிளப்போடும் நேரடியாகப் பேசி, அடுத்த பருவத்துக்குக் கையெழுத்துப் போடலாம். ஜூன் 30ல் முடிகிறவருக்கு ஜனவரி முதல் சுதந்திரம். லியோன் கொரெட்ஸ்கா 2018 ஜனவரியில் ஷால்க கிளப்பில் ஆடிக்கொண்டே பேயர்னுக்குக் கையெழுத்துப் போட்டார். மீதி ஆறு மாதமும் அவர் ஷால்க சட்டையோடு ஓடினார், ரசிகர்கள் கொதித்தார்கள். ஆகவே ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டு மீதி இருக்கும்போதே கிளப்பில் பேச்சு ஆரம்பமாகிவிடும். நீட்டிக்கிறாயா, இல்லையென்றால் விற்கட்டுமா? கடைசி ஆண்டுக்குள் நுழைந்துவிட்டால் பேரத்தில் கிளப்பின் கை தாழ்ந்துவிடும். டோனி குரோஸ் 2014ல் உலகக் கோப்பையை வென்ற கையோடு ரியல் மாட்ரிட் போனபோது அவருக்குப் பேயர்னில் ஓராண்டுதான் மீதி. அவர் தரத்துக்கு ரியல் கொடுத்தது மிகக் குறைவு.

காலம் ஒன்றே விலையைத் தீர்மானிக்கிறது என்று சொல்லமாட்டேன். இங்கிலாந்து ஸ்ட்ரைக்கர் ஹாரி கேனுக்கும் டாட்டனம் கிளப்பில் ஓராண்டுதான் மீதி இருந்தது. ஆனாலும் 2023 ஆகஸ்டில் பேயர்ன் அவருக்குப் பத்துக் கோடி யூரோவை ஒட்டிய தொகையைக் கொடுத்தது. ஜெர்மன் கிளப் ஒன்று கொடுத்த மிகப் பெரிய தொகை அது. காரணம் எளிது: லெவன்டோவ்ஸ்கி போன இடம் ஒரு வருடமாகக் காலியாக இருந்தது, டாட்டனமுக்கு அது தெரியும். தேவை உள்ளவன் கூடுதலாகத்தான் கொடுப்பான்.

ஒரு டிரான்ஸ்ஃபர் நடைமுறையில் எப்படி நடக்கிறது? மூன்று கையெழுத்து வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிளப்புகளும் தொகையில் ஒத்துப்போக வேண்டும். வீரர் புது கிளப்போடு சம்பளம், காலம் எல்லாம் பேசி ஒத்துப்போக வேண்டும். அவர் வேண்டாம் என்றால் எவ்வளவு பணமும் அவரை நகர்த்தாது. ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் குழம்புவார்கள், இங்கே வீரரின் சம்மதம் இல்லாமல் சுத்தியல் விழாது. அப்புறம் மருத்துவப் பரிசோதனை: முழங்கால், கணுக்கால், இதயம், பழைய காயங்களின் ஸ்கேன். அதில் சிக்கல் தெரிந்தால் ஒப்பந்தம் அங்கேயே நிற்கும். எல்லாம் முடிந்ததும் தாள்கள் லீக் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதற்கென்று ஆண்டுக்கு இரண்டு ஜன்னல்கள் திறக்கும்: கோடையில் ஜூலை தொடங்கி ஆகஸ்ட் முடியும் தருவாய் வரை, குளிர்காலத்தில் ஜனவரி. ஜன்னல் மூடிவிட்டால் மூடியதுதான்.

எவ்வளவு கறாராக மூடும் என்பதற்கு 2011 ஜனவரி 31 நல்ல சாட்சி. எரிக் மாக்சிம் சூப்போ மோட்டிங் என்ற இளம் வீரர் ஹாம்பர்கிலிருந்து கொலோன் கிளப்புக்கு மாறவேண்டும். கிளப்புகள் பேசி முடித்துவிட்டன, அவரும் சம்மதித்துவிட்டார். அப்போது தாள்கள் ஃபேக்ஸில்தான் போய்க்கொண்டிருந்தன. வீரர் தரப்பிலிருந்து வரவேண்டிய தாளை ஃபேக்ஸ் எந்திரம் சரியாக அனுப்பவில்லை. கடைசியில் அது போய்ச் சேர்ந்தபோது கெடு முடிந்து சில நிமிடங்கள் ஆகியிருந்தன. அவ்வளவுதான், டிரான்ஸ்ஃபர் செல்லாது. அவர் ஹாம்பர்கிலேயே பருவத்தை முடித்துவிட்டு, கோடையில் ஒப்பந்தம் தீர்ந்ததும் இலவசமாக மைன்ஸ் கிளப்புக்குப் போனார். பிற்காலத்தில் பாரிஸ் சான் ஜெர்மனுக்கும் பேயர்னுக்கும் ஆடினார். கொலோனுக்கு மட்டும் ஆடவே இல்லை. அந்த எந்திரத்தில் ஒரு தாள் ஒழுங்காகப் போயிருந்தால் அவர் வாழ்க்கை எந்தப் பாதையில் திரும்பியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இப்போது எல்லாம் கணினியில் பதிவாகிறது.

கடனாக அனுப்பும் முறையும் உண்டு. ஒப்பந்தம் பழைய கிளப்பிடமே இருக்கும், ஓராண்டோ இரண்டாண்டோ வேறு கிளப்பில் ஆடுவார். இளம் வீரர்களுக்கு இது நல்ல பயிற்சி. பிலிப் லாமை பேயர்ன் 2003ல் ஷ்டுட்கார்ட்டுக்கு இரண்டு ஆண்டு அனுப்பியது, அவர் அங்கிருந்தே தேசிய அணிக்குள் நுழைந்து, பின்னால் பேயர்னுக்கும் ஜெர்மனிக்கும் கேப்டன் ஆனார். சில கடன்களில் "முடிவில் இவ்வளவு கொடுத்து வைத்துக்கொள்ளலாம்" என்ற வாய்ப்பும் எழுதியிருப்பார்கள். 2019ல் பார்சிலோனாவின் பிலிப்பே கூட்டின்யோவை பேயர்ன் இப்படித்தான் வாங்கி வந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் லிஸ்பனில் பேயர்ன் பார்சிலோனாவை 8-2 என்று நொறுக்கியபோது, கடைசி இரண்டு கோலையும் அடித்தவர் கூட்டின்யோ. அப்போதும் அவர் பார்சிலோனாவின் ஒப்பந்தத்தில்தான் இருந்தார். பேயர்ன் வைத்துக்கொள்ளும் வாய்ப்பைப் பயன்படுத்தவில்லை, அவர் திரும்பிப் போனார்.

இதுவரை சொன்னதெல்லாம் ஏறக்குறைய ஐரோப்பா முழுதுக்கும் பொருந்தும். ஜெர்மனியின் தனித்தன்மை கிளப் என்ற அமைப்பிலேயே இருக்கிறது. அங்கே கிளப் என்பது அடிப்படையில் ஒரு சங்கம். ஊரார் சந்தா கட்டி உறுப்பினர் ஆவார்கள், ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்கி வாக்களிப்பார்கள், தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பேயர்னில் அப்படி 3 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். 1998ல் கால்பந்துப் பிரிவைத் தனி நிறுவனமாக மாற்ற அனுமதி கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனை: அந்த நிறுவனத்தில் பாதி வாக்குகளும் அதற்கு மேல் ஒரு வாக்கும் தாய்ச் சங்கத்திடமே இருக்க வேண்டும். இதைத்தான் '50+1' என்கிறார்கள். எண்ணெய் நாட்டு அரசோ வெளிநாட்டுக் கோடீஸ்வரரோ வந்து கிளப்பை முழுதாக வாங்கி, ஒரே கோடையில் பத்து நட்சத்திரங்களைக் கொட்டுவது இதனால் அங்கே நடப்பதில்லை. பேயர்னில்கூட அடிடாஸ், ஆடி கார் நிறுவனம், அலியான்ஸ் காப்பீட்டு நிறுவனம் மூன்றும் சேர்ந்து 25 சதவீதம்தான், மீதி 75 சங்கத்திடம்.

விதிவிலக்குகள் உண்டு. பேயர் மருந்து ஆலைத் தொழிலாளர்கள் 1904ல் தொடங்கிய லெவர்குசனும், வோக்ஸ்வாகன் கார் ஆலை நகரமான வொல்ஃப்ஸ்பர்கின் கிளப்பும் நிறுவனங்களின் கையில் இருக்கின்றன, பழைய தொடர்பைக் காரணம் காட்டி அனுமதித்தார்கள். லைப்சிக் கதை வேறு. 2009ல் ரெட் புல் நிறுவனம் ஒரு சிறிய ஊர் கிளப்பின் இடத்தை எடுத்துக்கொண்டு அதைத் தொடங்கியது. நிறுவனப் பெயரைக் கிளப்புக்கு வைக்கக் கூடாது என்பதால் 'ராசன்பால்ஷ்போர்ட்', அதாவது புல்தரைப் பந்து விளையாட்டு, என்று பெயர் சூட்டினார்கள், சுருக்கம் ஆர்.பி. என்று வரும்படி. விதியின் எழுத்து காப்பாற்றப்பட்டது, அதன் உயிர் போய்விட்டது என்று மற்ற கிளப்புகளின் ரசிகர்கள் கொதிக்கிறார்கள். வாக்குரிமை உள்ள உறுப்பினர்களை விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வைத்திருக்கும் ஒரு சங்கத்தைச் சங்கம் என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் 2016ல் பண்டஸ்லிகாவுக்குள் வந்ததிலிருந்து இளம் வீரர்களைத் தேடிப்பிடித்து வளர்ப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதையும் மறுக்க முடியாது.

பணத்தை அடக்கி வைக்க வேண்டும் என்ற எண்ணம் பண்டஸ்லிகா பிறந்த 1963லேயே இருந்தது. அப்போது மாதச் சம்பளத்துக்கு 1,200 மார்க் (யூரோவுக்கு முந்தைய ஜெர்மன் நாணயம்), டிரான்ஸ்ஃபருக்கு 50,000 மார்க் என்று உச்சவரம்பு. பிரச்சினை பெர்லினில் வெடித்தது. சுவர் எழும்பிய பிறகு, கிழக்கு ஜெர்மனி சூழ்ந்த மேற்கு பெர்லினுக்குக் குடிவர வீரர்கள் தயங்கினார்கள். ஹெர்த்தா கிளப் மேசைக்கடியில் கூடுதல் பணம் கொடுத்து ஆள் சேர்த்தது. 1965ல் அது அம்பலமாகி, லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. பெர்லினுக்கு ஒரு அணி இருந்தே ஆகவேண்டும் என்று, தகுதியே பெறாத டாஸ்மானியா பெர்லினை உள்ளே இழுத்தார்கள். அந்தப் பருவத்தில் அவர்கள் ஜெயித்தது இரண்டே ஆட்டம், வாங்கிய கோல் 108. இன்றுவரை பண்டஸ்லிகாவின் மிக மோசமான பருவம் அதுதான். 1971ல் ஆட்டத்தை விற்ற ஊழல் ஒன்றும் வெளிவந்த பிறகு, 1972ல் உச்சவரம்பைத் தூக்கிவிட்டார்கள். நான்கே ஆண்டில், 1976ல், ரோஜர் வான் கூல் என்ற பெல்ஜியருக்கு கொலோன் பத்து லட்சம் மார்க் கொடுத்தது. பண்டஸ்லிகா கிளப் ஒன்று ஒரு வீரருக்கு அவ்வளவு கொடுத்தது அதுவே முதல் முறை.

வரம்பு போனாலும் உரிமம் இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் கிளப்புகள் கணக்குப் புத்தகத்தைக் காட்டி, அடுத்த பருவம் முழுக்கச் சம்பளம் கொடுக்க முடியும் என்று நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் கீழே போக வேண்டியதுதான். ஒரு காலத்தில் பண்டஸ்லிகா சாம்பியனாக இருந்த மியூனிக் 1860 கிளப், 2017ல் இரண்டாம் லீக்கிலிருந்து சரிந்தது. மூன்றாம் லீக் உரிமத்துக்குத் தேவையான பணத்தை அதன் முதலீட்டாளர் போடவில்லை. அடுத்த பருவத்தை நான்காம் நிலையில் தொடங்கினார்கள்.

டார்ட்மண்டே கிட்டத்தட்ட அந்த வழியில் போனது. ஜெர்மனியில் பங்குச் சந்தையில் இறங்கிய முதல் கால்பந்து கிளப் அது, 2000 அக்டோபரில் ஒரு பங்கு 11 யூரோவுக்கு இறக்கினார்கள். வந்த பணத்தைக் கொட்டினார்கள். பிரேசிலின் மார்சியோ அமோரோசோவுக்கு மட்டும் 2001ல் 5 கோடி மார்க். 2002ல் சாம்பியன் ஆனார்கள். 2003ல் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ப்ரூஜ் கிளப்பிடம் பெனால்டியில் தோற்றார்கள். வரும் என்று எண்ணிச் செலவழித்த பணம் வரவில்லை. சொந்த மைதானத்தையே ஒரு முதலீட்டு நிதியத்துக்கு விற்று, வாடகைக்கு ஆடும் நிலை. 2005 மார்ச் 14 அன்று டுசல்டார்ஃப் விமான நிலையத்தில் ஒரு கூட்டம். வந்திருந்தவர்கள் அந்த நிதியத்தில் பணம் போட்ட சாதாரண முதலீட்டாளர்கள். வாடகையைத் தள்ளிப்போட அவர்கள் சம்மதித்தால் கிளப் பிழைக்கும், மறுத்தால் திவால். சம்மதித்தார்கள். ஒரு கிளப்பின் உயிர் கோல் கம்பத்துக்கு முன்னால் அல்லாமல் விமான நிலைய மண்டபத்தில் வாக்கெடுப்பில் தப்பியது.

அதற்குப் பிறகு டார்ட்மண்ட் வேறு தொழில் கற்றுக்கொண்டது: மற்றவர்கள் கவனிக்காத இளைஞர்களைக் குறைந்த தொகைக்குக் கொண்டுவந்து, ஆடவைத்து, வளர்த்து அனுப்புவது. 2010ல் ஜப்பானின் ஷின்ஜி ககாவாவுக்கு வெறும் 3.5 லட்சம் யூரோ. அதே கோடையில் போஸ்னன் நகரத்திலிருந்து லெவன்டோவ்ஸ்கி, 50 லட்சத்துக்கும் குறைவு. 2011லும் 2012லும் சாம்பியன் ஆனார்கள். ரென் கிளப்பிலிருந்து ஒன்றரைக் கோடிக்கு வந்த உஸ்மான் டெம்பெலே ஒரே ஆண்டில், 2017ல், 10.5 கோடிக்கு பார்சிலோனா போனார்.

இதில் ஒரு கணக்கியல் நுணுக்கம் இருக்கிறது, தெரிந்துகொண்டால் பல முடிவுகள் புரியும். 5 கோடிக்கு ஒருவரைக் கொண்டுவந்து ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டால், கணக்கில் ஆண்டுக்கு ஒரு கோடி செலவு என்று எழுதுவார்கள். இரண்டு ஆண்டு கழித்து அவருடைய புத்தக மதிப்பு 3 கோடி. அப்போது 4 கோடிக்கு விட்டால், வாங்கியதைவிடக் குறைவாகத் தெரிந்தாலும் கணக்கில் ஒரு கோடி லாபம். சொந்தப் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த பையனுக்குப் புத்தக மதிப்பே கிடையாது, வருவதெல்லாம் லாபம். வளர்த்த பிள்ளைகளை கிளப்புகள் விற்பதற்கு இதுவும் ஒரு காரணம், ரசிகர்களுக்கு அதுதான் அதிகம் வலிக்கும். அந்தப் பயிற்சிப் பள்ளிகளும் தானாக வந்தவை அல்ல. 2000 யூரோ கோப்பையில் ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறி அவமானப்பட்ட பிறகு, உரிமம் வேண்டுமானால் இளைஞர் பயிற்சி மையம் இருக்கவேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள்.

சிறு கிளப்புகளுக்கும் பங்கு உண்டு. வீரர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பணத்துக்கு மாறும்போது, தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரியும் என்பது ஃபிஃபா விதி. 2 கோடி யூரோ டிரான்ஸ்ஃபர் என்றால் 10 லட்சம். 12 முதல் 15 வயது வரையான ஒவ்வொரு ஆண்டுக்கும் 50,000, அதற்கு மேல் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு லட்சம். குரோஸ் பேயர்னுக்குப் போகுமுன் பால்டிக் கடற்கரையில் ஹன்சா ரோஸ்டாக்கில் வளர்ந்தவர். அவர் மாட்ரிட் போனபோது அந்த ஆண்டுகளுக்கான உரிமை ரோஸ்டாக்குக்கு. பெரிய கிளப்புக்கு அது சில்லறை. கீழ் லீக்கில் தள்ளாடும் கிளப்புக்கு அது ஒரு பருவத்தையே காப்பாற்றும்.

விட்டுப் போனதைத் திரும்ப மீட்பதும் நடக்கும். மார்கோ ராய்ஸ் டார்ட்மண்டில் பிறந்து, டார்ட்மண்ட் கிளப்பின் பயிற்சிப் பள்ளியிலேயே ஆடிய பையன். உடம்பு போதாது என்று நினைத்து அவரைப் போகவிட்டார்கள். ஆலன் என்ற சிறிய ஊரின் கிளப்புக்குப் போனார், அங்கிருந்து மென்ஷன்கிளாட்பாக். 2012ல் அவருடைய விடுவிப்புத் தொகை 1.71 கோடியைக் கொடுத்து டார்ட்மண்ட் கூட்டிவந்தது. அதன்பின் 2024 வரை அவர் எங்கும் போகவில்லை.

இனி ஒரு செய்தியைப் படித்துப் பார்ப்போம். டார்ட்மண்ட் பங்குச் சந்தையில் இருப்பதால் பெரிய டிரான்ஸ்ஃபர்களை முதலீட்டாளர்களுக்கு உடனே அறிவிக்கவேண்டும், நமக்கு வதந்திக்குப் பதில் உண்மையான எண்கள் கிடைக்கும். 2023 ஜூனில், ஜூட் பெல்லிங்ஹாம் என்ற இங்கிலாந்து வீரர் ரியல் மாட்ரிட்டுக்குப் போவது பற்றி அறிவித்தார்கள். நிலையான தொகை 10.3 கோடி யூரோ. அதோடு அடுத்த ஆறு நிதியாண்டுகளில் மாறும் தொகை, அதிகபட்சம் நிலையான தொகையில் ஏறக்குறைய 30 சதவீதம். நிலையான தொகை என்றால் என்ன ஆனாலும் வருவது. மாறும் தொகை என்றால் அவரும் ரியல் மாட்ரிட்டும் எப்படி ஆடுகிறார்கள் என்பதைப் பொறுத்து வருவது. வயது 19. விடுவிப்பு விதி பற்றி ஒரு சொல்கூட இல்லை, ஆகவே இது மேசையில் பேசி முடித்த தொகை. டார்ட்மண்டோடு அவருடைய ஒப்பந்தம் 2025 ஜூன் வரை. இரண்டு ஆண்டுகள் மீதி.